உன் படங்களை நீ காதால் பார்த்த நாள்

மச்சான்,

இதெல்லாம் வரும் என்று நான் அப்போதே சொன்னவன். இன்று அண்ணன் மகனின் போன் ஒரு கல்யாணப் படத்தைப் பார்த்து, ‘மேடையில் நான்கு பேர்’ என்று தானாகச் சொல்கிறது. வீடே வாயைப் பிளந்தது. எனக்கோ உன் போட்டோ ஸ்டுடியோவில் படம் கழுவும் மருந்து வாடை மூக்கில் ஏறியது.

நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் நெல்லித்தோப்பு கம்ப்யூட்டர் சென்டரில் வெப்சைட் கட்டக் கற்றபோது, வாத்தியாரே சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவார். அதற்குள் சர்க்கரை உன் இரண்டு கண்ணையும் கொண்டுபோயிருந்தது. பார்க்க முடியாதவனுக்குப் படம் எதற்கு என்று, அத்தனை வருஷத்துப் படங்களையும் எடைக்குப் போட பழைய பேப்பர்காரரை வரச் சொல்லிவிட்டாய். அவற்றை உன் காதுக்குக் கேட்க வைக்கிறேன் என்று நான் வாயை விட்டுவிட்டேன்.

ஒன்பது படங்களை ஸ்கேன் செய்து ஒரு வெப் பக்கத்தில் கட்டம் கட்டமாக அடுக்கினேன். பட்டனைத் தட்டத் தட்ட, திரையில் இருப்பதை வாசிக்கும் சாப்ட்வேரையும் போட்டேன். பேப்பர்காரர் வாசலில் வந்து நின்றுவிட்டார். நீ படப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தட்டினேன். ‘இமேஜ்’ என்றது. அடுத்ததும் ‘இமேஜ்’. ஒன்பதுக்கும் அதே பேச்சு.

“இதுக்கா இத்தினி நாளு?” என்றாய்.

படத்தில் என்ன இருக்கிறது என்று திரைக்குப் பின்னால் எழுதி வைத்தால்தான் அது வாசிக்கும். அந்தப் பாடத்தன்று நான் டீ குடிக்கப் போயிருந்தேன். வியர்த்து ஊற்ற, அங்கேயே உட்கார்ந்து அடித்தேன். மிஷினுக்குத் தமிழ் தெரியாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் போட்டேன். பிரெஞ்சுக்காரப் பாதிரியார் பிரசங்கம் செய்வதுபோல வாசித்தது. நீ சிரிக்கவில்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகப் படத்தில் நிறுத்தச் சொன்னாய்.

“கொட்டற மழையா? பத்து படகா? யோவ், அன்னிக்கு நல்ல வெயிலு, ஒரே படகு. போட்டோ எடுத்தது நானா, நீயா?”

கொஞ்சம் அழகாக இருக்கட்டுமே என்றேன்.

“எனக்கு ஒன்னோட கண்ணுதான்யா வேணும். வாயி வேணாம்.”

அத்தனையையும் அழித்துவிட்டு, இருப்பதை மட்டும் எழுதினேன். வெளியே தராசுச் சங்கிலி குலுங்கியது. ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டினாய். ஆனாலும் பெட்டியை வாசல் பக்கம் தள்ளினாய்.

“எல்லாம் சரிதான்யா. ஊரையே எடுத்தேன். இதுல நான் எங்க இருக்கேன்?”

இருக்கிறாயே என்று சொல்லி இன்னொரு கட்டம் போட்டேன். மிஷின் வாசித்தது: ஸ்டுடியோ வாசலில், கழுத்தில் கேமராவோடு, யாரையோ பார்த்துச் சிரித்தபடி நிற்கிறாய்.

“யாரு எடுத்தது?”

“நான்தான். நீ கவனிக்காதப்ப.”

இன்னொரு தடவை தட்டச் சொன்னாய். அதற்குப் பிறகும் ஒரு தடவை. அப்புறம் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாய். “நீ போய்ட்டு வாப்பா. போடறதுக்கு ஒண்ணும் இல்ல.”

நீ போய்ச் சேர்ந்தபின் அந்தப் பெட்டி என் வீட்டில் இருக்கிறது. அந்த வெப் பக்கமும் என் கம்ப்யூட்டரில் இன்னும் திறக்கும். ஒன்பது படங்கள் வரும். பத்தாவது கட்டத்தில் நான் அடித்த வரி மட்டும் நிற்கும். அங்கே படமே கிடையாது, மச்சான். நான் உன்னை ஒரு நாளும் போட்டோ எடுத்ததில்லை.