பிரிக்கக் கூடாத சுவர்

என் வசந்தி அக்காவுக்கு,

நீ செத்ததற்குச் சிலை வைக்கவில்லை, அந்த மட்டில் தப்பித்தாய். சுவர் வைத்துவிட்டார்கள்.

கல்லூரிப் பின்முற்றத்தில் உன் கடைசி வகுப்புப் பிள்ளைகள் மண்கலவையில் கட்டினார்களே, அதே சுவர்தான். கட்டிடக்கலை படிக்க வருகிறவர்கள் முதலில் தங்கள் கையால் ஒரு சுவர் கட்ட வேண்டும். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் அதைப் பிரித்து, அதே செங்கல்லில் தங்கள் சுவரைக் கட்ட வேண்டும். அது நீ வைத்த வழக்கம். பிரிக்க வேண்டும் என்றுதான் சிமெண்டைக் கிட்டேயே சேர்க்க மாட்டாய். இப்போது அதன்மேல் சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்து, உன் படத்தைப் பதித்து, தொடாதீர்கள் என்று பலகையும் மாட்டியிருக்கிறார்கள்.

திறப்பு விழாவில் பிரின்சிபால் அழுதார், தெரியுமா? என் பிள்ளையை என்ன கொத்தனார் வேலைக்கா அனுப்பினேன் என்று ஒரு அப்பா சண்டைக்கு வந்தபோது, உன்னை மன்னிப்புக் கேட்கச் சொன்ன அதே மனுஷர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாராவியில் நம் வீட்டிலிருந்து அம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பின்முற்றத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் சுவர் எழுப்புகிறார்கள். அங்கே எந்தச் சுவரும் சாய்வதில்லை. ஏன் சாயும் என்று எவனும் கேட்பதுமில்லை. உன் வகுப்பை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். நானும் படம் போட்டுக் காட்டுகிறேன். என்ன பிழைப்பு அக்கா இது?

போன வாரம், நம் தாராவிக்குக் கிட்டே சுனாபட்டியிலிருந்து வருகிற முதல் வருஷப் பெண் ஒருத்தி அந்தச் சுவர் முன்னால் என்னை நிறுத்தினாள்.

"மேடம், இதைப் பிரிச்சுத்தான் நாங்க கட்டணும்னு சீனியர்ஸ் சொல்றாங்க. எங்க டர்ன் எப்போ?"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ படம் நம்ம வீட்லயே இருக்குளா. அந்தச் செங்கலை எதுக்கு அடைச்சு வச்சிருக்காவ? பிள்ளைய கிட்ட குடுத்துரு."

திங்கட்கிழமை சுத்தியலும் உளியும் எடுத்துப் போகிறேன். அந்தப் பெண் வருகிறாள், வகுப்பும் வருகிறது. வேலையை விட்டுத் தூக்குவார்கள், தூக்கட்டும். பூச்சு பிடித்த செங்கல் முழுசாக வராது, பாதி உடையும். உடைந்ததையும் வைத்துக் கட்டச் சொல்லிக்கொடுப்பேன். அந்தச் சுவரில் உன் பெயர் இருக்காது அக்கா, சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி