உருகிய ஐஸ்

அக்கா,

உன் பிள்ளையின் சிறுநீரை லேபுக்குக் கொண்டுபோன அன்று, பஸ்ஸில் என் மடி நனைந்திருப்பதைத்தான் முதலில் கவனித்தேன். சிறுநீர்ப் புட்டியை வைத்திருந்த டப்பாவில் ஐஸ் முழுக்க உருகியிருந்தது. வழி கேட்கக் கூச்சப்பட்டு, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி மாதாப்பூர்வரை போய்த் திரும்பியிருந்தேன்.

முடியளவு மெல்லிய குழாயில் மின்சாரம் விட்டுச் சிறுநீரிலுள்ள பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடை பார்ப்பார்களாம். சூடுபட்டால் எல்லாம் மாறிவிடுமாம்.

"ஐஸ்லயே வந்துச்சாம்மா?" என்று லேப்காரர் கேட்டார்.

"ஹவ்ண்ணா" என்று ஆமாம் போட்டேன்.

ரிப்போர்ட்டில் குறையில்லை என்றதும் டாக்டர் வலிப்பு மருந்தை நிறுத்தினார். நேற்று பிள்ளைக்கு மறுபடி வலிப்பு வந்தது. "ரிப்போர்ட் நல்லாத்தானேடி இருக்கு, அப்புறம் ஏன்?" என்று என்னைத்தான் கேட்டாய்.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இன்று காலை லேபுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். மறுபடி சிறுநீர் எடுத்துவரச் சொல்லிப் புது டப்பா கொடுத்தார்கள். அதை இந்தக் கடிதத்தின்மேல் வைத்திருக்கிறேன்.

உன் தங்கை