அம்மாவின் நேர்த்தியும் டொக்டரின் முட்டையும்

யேசு மரி சூசை

கொக்குவில்,
30.12.1992

அன்புள்ள மகன் கனிசியசுக்கு,

அப்பா எழுதுவது. சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேணும், ஆனபடியால் நானும் உன் தங்கச்சி ஸ்ரெல்லாவும் சுகம் என்று எழுதுகிறேன். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், அதை வேலைக்குப் போற அவசரத்தில் வாசிக்காதே, ஆறுதலாக இருந்து வாசி. உன் சுகத்துக்கும் உன் அகதிக் கேசுக்கும் இந்த வீட்டில் நடக்கிற செபத்தைக் கேட்டு அந்தோனியாருக்கே காது நொந்திருக்கும்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், வேறு ஆரும் சுவிசுக்கு எழுதி நீ அறிய முன்னம். நத்தார் பூசை இப்போது நடுச்சாமத்தில் இல்லை, பின்னேரம் நாலு மணிக்கே வைத்து இருட்ட முன்னம் சனத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நீ அனுப்பிய நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். எழுந்தேற்ற நேரம், சுவாமி அப்பத்தை உயர்த்துகிறார், மணி அடிக்கிறது, கோவிலில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை, நான் பக்தியோடு தலையைக் குனிந்தேன், பொக்கற்றுக்குள் இருந்த அவித்த முட்டை டொக்கென்று நிலத்தில் விழுந்து உருளத் தொடங்கியது. அந்தக் கோவில் நிலம் சரிவு என்று அன்றுதான் எனக்குத் தெரியும். சனம் இருக்கிற வாங்குகளுக்குக் கீழால் உருண்டு உருண்டு போய் பாலன் குடிலுக்கு முன்னால், மாட்டுக்குப் பக்கத்தில் நின்றது. பூசை முடிய வாசலில் சுகிர்தம் அக்கா, "என்ன அருட்பிரகாசம், நத்தாருக்கு அடை வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டா. கிறிஸ்துநாயகம் சுவாமி முட்டையைக் கையில் கொண்டுவந்து தந்து, "காணிக்கைத் தட்டிலை போட்டிருந்தால் நான் வேண்டாமெண்டு சொல்லியிருக்கமாட்டன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. விழுந்த முட்டை தனக்கு வேண்டாம் என்று விறுவிறென்று நடந்துவிட்டாள். எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை, உன் அப்பாவின் மண்டை எப்படி என்று உனக்குத் தெரியும்தானே.

அந்த முட்டை ஏன் பொக்கற்றுக்குள் இருந்தது என்றால், அம்மாவுக்கு ஐப்பசி தொடக்கம் ரத்தம் போகிறது, எங்களுக்குச் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். கால் இரண்டும் வீங்கிய பிறகுதான் ஸ்ரெல்லா கண்டுபிடிக்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கர்ப்பப்பையில் கட்டி, எடுக்கத்தான் வேணும் என்று பஞ்சலிங்கம் டொக்டர் சொன்னார். ஆனால் உடனே எடுக்க ஏலாதாம். அம்மாவின் காலில் விரலால் அமத்திக் காட்டினார், குழி விழுந்தது, எழும்பவில்லை. "ரத்தத்திலை புறோட்டீன் நல்லாக் குறைஞ்சு போச்சு. உப்பிடியே நான் கத்தி வைச்சால் தையல் பொருந்தாது. ஒரு மாதம் முட்டை, மீன், பால், பயறு, பருப்பு எண்டு குடுத்து ஏத்திக்கொண்டு வாங்கோ. சோறாலையும் பலகாரத்தாலையும் வயித்தை நிரப்பிப்போட்டு நத்தார் வந்தது, நாள் வந்தது எண்டு எனக்குக் கதை சொல்லக்கூடாது" என்றார். பயற்றம் பணியாரத்தில் பயறு இருக்குதானே டொக்டர் என்று நான் கேட்டேன். கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "அதிலை பயறு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார். 

அன்றிலிருந்து நான் இந்த வீட்டின் புறோட்டீன் மந்திரி. ஒழுங்கைக் கடைசியில் கோழி வளர்க்கிற கந்தப்புவிடம் சொல்லி வைத்து நாளுக்கு இரண்டு முட்டை. சண்டையால் கடலுக்குப் போகத் தடை, அரியாலைப் பக்கம் முழங்கால் தண்ணிக்குள் வலை வீசி எடுக்கிறதுதான் மீன், அதற்குச் சைக்கிள் உழக்கிக்கொண்டு போவேன். குருநகரில் முப்பது வருசம் கடற்றொழிலாளர் சங்கத்தில் மீன் நிறுத்தவன் நாலு ஒட்டிமீனுக்குக் கியூவில் நிற்கிறேன். அங்கே ஒருவன் என்னை அடையாளம் கண்டு, "அண்ணை, எங்களுக்கு நீங்கள் நிறுத்தது காணும், இப்ப நாங்கள் நிறுக்கிறதை வாங்குங்கோ" என்றான். சொல்லட்டும். மீன் கிடைத்ததே போதும்.

முதல் கிழமை அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள், முகத்தில் கொஞ்சம் தெளிவும் வந்தது. பிறகு என்னவோ நின்றுவிட்டது. வீக்கம் கூடியது. நான் பாடுபட்டுக் கொண்டுவருகிறேன், இது ஏன் உடம்பில் பிடிக்குதில்லை என்று யோசித்தேனே தவிர வேறொன்றும் யோசிக்கவில்லை. இருபத்தோராம் திகதி திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர் முதலில் கடதாசியைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "அருட்பிரகாசம், உண்மையைச் சொல்லுங்கோ, இந்த மீனை ஆர் சாப்பிடுறது?" என்று நேர்ஸ்மாருக்கு முன்னால் கேட்டார். கோபம் வந்தது, ஆனால் காற்சட்டை ஒரு பொத்தான் பூட்டுப்படாமல்தான் இருந்தது. பிறகு அவர் சொன்னதுதான் இப்போதும் நெஞ்சுக்குள் நிற்கிறது. புது வருசம் பிறந்து, தை நாலாம் திகதி கடைசியாக ஒருதரம் பார்ப்பாராம். கொஞ்சமாவது ஏறியிருந்தால் ஆறாம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, ஒபரேசன். பன்னிரண்டாம் திகதி அவர் கொழும்புக்குப் போகிறார், திரும்புகிற நாள் அவருக்கே தெரியாது, இங்கே இதைச் செய்ய இப்போது வேறு ஆளும் இல்லை. இந்த ரத்தப்போக்கு இன்னும் இரண்டு மாதம் இழுத்தால் ஒபரேசன் தேவைப்படாது என்றார். அது நல்ல சொல் இல்லை என்று எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை பிடித்தேன். "நவநாள் ஒருசந்தி நடக்குது, ஒருநேரச் சாப்பாடுதான், பாலன் பிறக்கட்டும், பிறகு சாப்பிடுறன்" என்றாள். அதை நம்பித்தான் பாலன் பிறந்த அந்த நிமிசமே கொடுக்க வேணும் என்று முட்டையைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனேன்.

நத்தாரன்று தேத்தண்ணியோடு அம்மா செய்த கேக் வந்தது. கரி நெருப்பு மேலேயும் கீழேயும் போட்டுச் சட்டியில் வேக வைத்த கேக். மகன், பஞ்சு மாதிரி இருந்தது, போரில்லாத காலத்துக் கேக். நான் இரண்டு துண்டு முடித்து மூன்றாவதுக்குக் கை வைக்கும்போது, இவ்வளவு மெத்தென்று வர எத்தனை முட்டையைப் போட்டனி என்று பகிடியாகக் கேட்டேன். "இருந்ததைப் போட்டன்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். ஸ்ரெல்லா கோப்பையை வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். "இருபத்தாறு அப்பா. எல்லாம் நீங்கள் அம்மா சாப்பிடவெண்டு கொண்டு வந்தது. அரிசிப் பானைக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தவ. மீன் முழுக்கப் பின்னேரத்திலை உங்கடை சாப்பாட்டுக் கோப்பையிலை புட்டுக்குக் கீழைதான் கிடந்தது" என்றாள். போத்தல் விளக்கு வெளிச்சத்தில் என் கோப்பையில் மீன் முடியாமல் வந்துகொண்டே இருந்ததை, வயது போன காலத்தில் மனிசிக்கு என் மேல் இரக்கம் கூடிவிட்டது என்று நினைத்து உருசித்துத் தின்ற மடையன் நான். அந்த மூன்றாம் துண்டைத் தட்டிலேயே விட்டுவிட்டேன்.

காரணத்தையும் ஸ்ரெல்லாதான் சொன்னாள். உன் கேசை முதல்தரம் தள்ளிவிட்டார்கள், அப்பீல் தை மாதக் கடைசியில் என்று நீ எழுதிய கடிதம் இந்த மாதம் முதலாம் திகதி வந்ததே, அன்று செவ்வாய்க்கிழமை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கோவிலுக்குப் போய் அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறாள், உனக்கு விசா கிடைக்குமட்டும் மீன், இறைச்சி, முட்டை, பால் ஒன்றும் வாயில் வைப்பதில்லை என்று. டொக்டர் எதையெதைச் சாப்பிடச் சொன்னாரோ அதையெல்லாம் ஒன்று விடாமல் கொடுத்துவிட்டாள். நான் கத்தினேன். அம்மா கத்தவில்லை. "எனக்கு ஐம்பத்திரண்டு வயசு, இருந்த அளவு காணும். அவனைத் திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா எயார்போட்டிலையே பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். நேர்த்தியை முறிச்சால் அது பிள்ளையின்ரை தலையிலை விழும்" என்றாள். இதை உனக்கு எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நீ அதற்குப் பொறுப்பாளி இல்லை, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

மறுநாள் சுவாமியிடம் ஓடினேன். நேர்த்தியை மாற்றிக் கொடுக்கத் திருச்சபையில் இடமிருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை சுவாமி வீட்டுக்கே வந்து, "கத்தரீனா, அந்தோனியார் ஒருநாளும் உயிரைக் கேட்டுப் பேரம் பேசினவர் இல்லை. மீனுக்கும் முட்டைக்கும் பதிலா நாளுக்கு ஒரு ஐம்பத்துமூண்டு மணிச் செபம் எண்டு நான் மாத்தித் தாறன்" என்றார். அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாமி, நான் வாக்குக் குடுத்தது உங்களிட்டை இல்லையே" என்றாள். சுவாமி வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது, அப்படியென்றால் நான் அதைப் பொறுப்பெடுக்கிறேன் என்றேன். மூன்று கிழமைக்குப் பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "ஆர், நீங்களோ? மீன் முள்ளையும் சூப்பாமல் கை கழுவாத மனிசன்" என்றாள். சுவாமி அந்தச் சிரிப்பை விடாமல் பிடித்துக்கொண்டார். "புருசனும் பெண்சாதியும் ஒரே உடல் எண்டு கலியாணப் பூசையிலை நான் வாசிக்கிறது சும்மாவோ? அவர் பிடிச்சால் நீ பிடிச்ச மாதிரித்தான்" என்றார். அம்மா சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு, அந்தோனியார் சொரூபத்துக்கு முன்னால், தனக்குக் கேட்கத்தக்கதாக, உரத்துச் சொல்ல வேணும் என்றாள். "மெண்டு விழுங்கக் கூடாது. பிள்ளைக்கு விசா கிடைக்குமட்டும் எண்டு முழுசாய்ச் சொல்லவேணும்." அன்று பின்னேரமே போய் முழங்காலில் இருந்து சொன்னேன்.

திங்கட்கிழமை காலமை அம்மா முட்டை சாப்பிட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தேன், முழுங்க முடியாமல் கண்ணால் தண்ணி வந்தது, ஆனால் முடித்தாள். அதிலிருந்து ஒரு நேரமும் தவறவில்லை. நான் பூசணிக்காயும் பருப்பும் தின்கிறேன். நேற்று நண்டு கிடைத்தது, ஸ்ரெல்லா குழம்பு வைத்தாள், மணம் பொறுக்க மாட்டாமல் படலைக்கு வெளியே போய் நின்றேன். படலையில் எனக்கு வேறு வேலையும் இருக்கிறது, வருசப் பிறப்பு வருகிறதென்று அயலட்டையில் இருந்து வருகிற பலகாரத் தட்டுகளை மறிப்பது. கொண்டு வருகிறவர்களுக்கு முன்னால் அம்மா வேண்டாமென்று சொல்லமாட்டாள், ஒரு அரியதரம் தின்றால் பிறகு மீனுக்கு வயிற்றில் இடமில்லை. தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாதே, இரண்டு வாழைப்பழத்தை வைத்துக் கொடுத்துவிட்டுப் பலகாரத்தை நானே தின்று முடிக்கிறேன், முறுக்குக்கு நேர்த்தி இல்லைத்தானே. எங்களுக்கு இடம் தந்த வீட்டுக்காரர் பொன்னம்பலத்தாருக்குத் திருவெம்பாவை தொடங்கிவிட்டது, அவர்கள் விரத வீட்டில் மீன் வாசம் போகுதே என்று வெட்கப்பட்டுக்கொண்டு போய்க் கேட்டேன். "நீர் சமையும் காணும், நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளுறம்" என்றார்.

ஆனால் மகன், நாலாம் திகதிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. ஒரு மாதத்தில் ஏற வேண்டியது ஒரு கிழமையில் ஏறுமோ தெரியாது. நேற்று முழுக்க ஹெலி சுற்றியது, கந்தப்புவின் கோழிகள் இன்று ஒரு முட்டையும் இடவில்லை. அரியாலைப் பக்கம் செல் விழுந்ததென்று சொல்கிறார்கள், நாளைக்குப் போக விடுவார்களோ தெரியாது. ஒவ்வொரு காலமையும் அம்மாவின் காலில் விரலால் அமத்திப் பார்க்கிறேன். இன்று குழி கெதியாக எழும்பின மாதிரி இருந்தது. என் ஆசையோ என்னவோ. ஸ்ரெல்லாவை அமத்திப் பார்க்கச் சொன்னேன், அவள் அமத்திப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தை நாளைக் காலமை கிளாலியில் வள்ளம் ஏறிக் கொழும்புக்குப் போகிற தியாகலிங்கம் மாஸ்டரிடம் கொடுத்துவிடுகிறேன், அங்கே தபாலில் சேர்ப்பார். இது உன் கையில் கிடைக்கும்போது ஆறாம் திகதி கழிந்திருக்கும், நடந்தது என்னவோ நடந்திருக்கும். அப்பீல் முடிவு வந்தால், நல்ல செய்தி என்றால் அம்மாவின் பேருக்கு எழுது, வேறு செய்தி என்றால் என் பேருக்கு மட்டும் எழுது, மறந்துபோகாதே. இதைக் கேள்விப்பட்டு நீயும் அங்கே ஒருசந்தி தொடங்கிவிடாதே, இந்தக் குடும்பத்தில் பட்டினி கிடக்க நான் ஒருவன் போதும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. ஞாயிறு பூசையை விடாதே.

ஆண்டவரும் தேவதாயும் உன்னைக் கைவிடாமல் காப்பார்களாக. புது வருசம் உனக்கு நல்லதாக விடியட்டும். அம்மா தன் முத்தங்களைச் சொல்லச் சொன்னாள், ஸ்ரெல்லா தனியே எழுதுவாளாம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ச. அருட்பிரகாசம்

பி.கு: சொரூபத்துக்கு முன்னால் நான் வாயால் சொன்னது உன் விசாவுக்குத்தான், அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். மனதுக்குள் கேட்டது வேறு. இரண்டில் ஒன்றைத்தான் தருவீரென்றால் அவன் விசா இல்லாமல் வரட்டும், எனக்கு இவளைத் தாரும் என்று கேட்டேன், மகன்.