கால் ஊன்றிய இடம்

7.1.83, வெள்ளி

பனி. ஏகாதசிக் கூட்டம் வடிந்து தெரு மறுபடி தெருவாகிவிட்டது. காவிரியில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான். மழை ஏமாற்றிய வருஷம்.

ஞாயிறு பச்சைமலை. துறையூர் வரை பஸ், சைக்கிள்கள் பஸ் கூரையில். அங்கிருந்து மிதித்தே மேலே. யோசனை ஸ்டெல்லாவுடையது. மூன்று வருஷம் காலேஜில் என் பக்கத்து இடம். பொங்கல் கழிந்து, 20-ந் தேதி, கன்னியாஸ்திரீ மடத்தில் சேரப் போகிறாள். "போறதுக்கு முன்னாடி ஒரு மலைய சைக்கிள்ல ஏறிடணும்டி" என்கிறாள், கடைக்குப் போய் நூல்கண்டு வாங்கணும் என்கிற மாதிரி.

கூட வருவது எங்கள் வகுப்பு மெஹர், அவள் அண்ணன் ஹமீது. துபாயிலிருந்து லீவில் வந்தவர். எங்களுக்குக் காவல்.

அம்மா: "பொம்மனாட்டிகள் மலையில சைக்கிள் விடறதா? பாக்கறவா என்ன சொல்லுவா?" அப்பா பேப்பரை இறக்கவே இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எடுத்துப் போக: தண்ணீர், புளியோதரை, பம்ப், சேஃப்டி பின், தாம்புக்கயிறு (ஸ்டெ. சொன்னாள், எதற்கோ).

மேலே போனதும் அவளைத் தனியாகப் பிடித்துச் சொல்ல வேண்டும். போகாதே. அவ்வளவுதான். ஆறு மாசமாக நாக்கு நுனியில் நிற்கிறது. அவளுக்கே முழுசாக நிச்சயமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நான் சொன்னால் நின்றுவிடுவாள். இதுதான் கடைசி வாய்ப்பு.

8.1, சனி

வாடகை சைக்கிள் எடுத்தாயிற்று. மலைக்கு என்றால் கடைக்காரர் தரமாட்டார் என்று மெஹர் எச்சரித்திருந்தாள். "துறையூர் பக்கம்" என்றேன்.

"பிரேக் பிடிக்குமா?"

"கொளத்தங்கரைக்குப் போயிட்டு வரதுக்கு நல்லாவே பிடிக்கும்மா."

தூக்கம் வராது என்று தெரியும்.

9.1, ஞாயிறு

பிரேக் பிடித்துப் பிடித்து விரல் மரத்திருக்கிறது. எழுத்து கோணல். இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஸ்டெ. அவள் தம்பியின் பேண்ட்டில் வந்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். நான் தாவணியை நாலு இடத்தில் பின் குத்தி. கண்டக்டர்: "ஏம்மா, பஸ்ஸும் வேணும், சைக்கிளும் வேணுமா?"

அடிவாரம் வரை சுகம். அப்புறம் சரளையும் செம்மண்ணும். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஹமீது அண்ணன் இறங்கிவிட்டார்.

மெஹர்: "துபாய்ல மலை இல்லையாண்ணே?"

"கார் இருக்கு. மூடிக்கிட்டு வா."

அடுத்த வளைவில் மெஹர். அதற்கடுத்ததில் நான். மூச்சு நெஞ்சுக்குள் அடங்காமல் காதில் கேட்டது. ஸ்டெ. மட்டும் இறங்கவில்லை. பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் குறுக்காக, வளைந்து வளைந்து, நடப்பவனைவிட மெதுவாக. ஒவ்வொரு முறை நிமிரும்போதும் எங்களுக்கு ஒரு வளைவு மேலே அவள் சட்டையின் மஞ்சள். மரங்களுக்கு மேல் மரம், அதற்கு மேல் பாறை, அதற்கும் மேல் வானம். இத்தனை பெரிய ஒன்றின் மேல் அந்த மஞ்சள் புள்ளி ஊர்ந்துகொண்டே இருந்தது.

பிறகு நடந்தது. அண்ணனும் தங்கையும் பின்னால் தங்கிவிட்டார்கள். நான் தனியாகத் தள்ளிக்கொண்டு போகிறேன். ஒரு மூங்கில் புதரின் இடைவெளியில் மேல் வளைவு தெரிந்தது. ஸ்டெ. சைக்கிள் ஆடியது. கால் ஊன்றிவிட்டாள். இறங்கி, தள்ளாடிக்கொண்டே கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், ஓரக்கல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுதாள் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, இவளும் இறங்குவாள். மேலே போனதும் சொல்வது இனி சுலபம்.

எழுந்தாள். கூப்பிட வாயெடுத்தேன். அவள் சைக்கிளைத் திருப்பினாள். கீழ்நோக்கி. தள்ளிக்கொண்டு போன தூரத்தை அப்படியே திரும்பி வந்து, தரையில் எதையோ தேடினாள். கால் ஊன்றிய தடத்தை. அங்கே நின்று, சைக்கிளை மேல்பக்கம் திருப்பி, ஏறி உட்கார்ந்து மிதித்தாள். யாரும் பார்க்கவில்லை. பந்தயம் எதுவும் இல்லை. நடந்த அந்தக் கொஞ்ச தூரத்தை அவள் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

பிரேக்கைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ. கோயிலில் திரை விலகும் நொடியில் கை தானாகக் குவியுமே, அப்படி ஏதோ ஒன்று. கை குவிக்க முடியவில்லை, சைக்கிள் உருண்டுவிடும்.

புத்தகங்களில் மலை ஏறுகிறவர்கள் உச்சிக்குப் போய்த்தான் எதையாவது கண்டுகொள்கிறார்கள். எனக்கு உச்சி ஞாபகமே இல்லை. குளிர்ந்த காற்று. கீழே வயல்கள் கட்டம் கட்டமாக. ஸ்டெ. புல்லில் மல்லாந்து கிடந்தாள்.

மெஹர்: "ஒரு தடவகூட இறங்கலையாடி? நீ பொம்பளையா, பேயா?"

"இறங்கினேன். ஒரு வாட்டி."

"சும்மா சொல்றா" என்றார் அண்ணன்.

திரும்பிப் போனதை அவள் சொல்லவே இல்லை.

அவர்கள் டீ தேடிப் போனார்கள். ஸ்டெ. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பிடித்துவிட்டேன்.

"நான் போறது உனக்குப் பிடிக்கல. தெரியும்."

"ம்."

"எனக்கே சில நாள் பிடிக்கல" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.

கதவு திறந்தே கிடந்தது. ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. அடுத்த காலைப் பிடித்துவிட்டேன்.

இறக்கத்துக்குத்தான் தாம்புக்கயிறு. ஒடிந்து கிடந்த பெரிய கிளைகளை ஒவ்வொரு சைக்கிளுக்குப் பின்னாலும் கட்டினாள். அது தரையில் இழுபட்டு வேகத்தை அடக்கியது. நாலு கிளைகளின் சத்தம், பின்னால் செம்புழுதி மேகம். மெஹர் வழி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தாள். நானும்.

10.1, திங்கள்

படி இறங்க முடியவில்லை. பக்கவாட்டில் இறங்குகிறேன். அம்மா: "நண்டு மாதிரி என்னடி அது?" வெந்நீர் ஒத்தடம். டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன்.

நேற்று முழுக்க உடம்பு அவளுக்கு வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கும். நிச்சயம் இருப்பவர்கள்தான் போவார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

20.1, வியாழன்

ஜங்ஷன். வெயில். அவள் அம்மா அழுகை, அப்பா பெட்டியை மூன்று தடவை எண்ணினார். மெஹர் பிரியாணிப் பொட்டலம். ஸ்டெ. ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு மேல ஏதோ கேக்கப் போற மாதிரியே மூஞ்சிய வச்சிருந்தியே, என்னடி?"

"இறங்கின எடத்துக்கே ஏன் திரும்பிப் போனே?"

முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. "அய்யய்யோ. யாரும் பாக்கலைன்னுல்ல நெனச்சேன்!"

சிரித்தோம். வண்டி நகர்ந்தது. மெஹர் பிளாட்பாரம் முடிகிற வரை கூடவே ஓடினாள். நான் ஓடவில்லை.

சைக்கிளில் திரும்பும்போது மேம்பாலம். பாதி ஏற்றத்தில் இறங்கிவிட்டேன், எப்போதும்போல. கொஞ்சம் தள்ளினேன். நின்றேன். சைக்கிளைத் திருப்பினேன்.

பின்னால் வந்த பஸ் டிரைவர்: "ஏம்மா, மேலயா கீழயா, ஒரு பக்கமா போ!"

கீழே. கால் ஊன்றிய இடம் வரைக்கும்.