ஹவாய்க்காரி பொன்னி

1 பிப்ரவரி 2025, சனி

வைஷாலிக்கு ஓசூர் கிளைக்கு மாற்றல். வழியனுப்பு விருந்து என்று எங்கள் கம்பெனியின் குவாலிட்டி செக்‌ஷன் பெண்கள் எல்லாரும் மாமல்லபுரம் போனோம். கடற்கரைக்குப் போகும் தெருவில் புதிதாக ஒரு கஃபே. இறால் சுமார். விலை சுமார் இல்லை.

சுவர் முழுக்கப் பழைய படங்கள். ஒரு படத்தின் முன்னால் வைஷாலி நின்றுவிட்டாள். "ஏய் ஜெனி, இங்க வா. இது நீயேதான்டி!"

ஓலைப் பாவாடை, கழுத்தில் மாலை, தலையில் பூவளையம் என்று ஐந்து பெண்கள். நடுவில் நிற்பவளுக்கு என் முகம். என் முகம் இல்லை, அம்மாவின் முகம். இடது பாதத்தைத் தூக்கி வலது பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அடுப்படியில் அம்மா அப்படித்தான் நிற்பாள்.

கீழே ஆங்கிலத்தில் ஒரு சீட்டு: ஹவாய் தீவிலிருந்து வந்த நடனப் பெண்கள், ஹோனலூலூ ஹட் உணவகம், 1986.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனாலும் போனில் எடுத்துக்கொண்டேன்.

ஹவாயா? அம்மா வேளாங்கண்ணியைத் தாண்டிப் போனதில்லையே.

2 பிப்ரவரி

சர்ச் முடிந்து வந்து அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போனைக் காட்டினேன். ஒரு நொடி பார்த்தாள். "யாரோ எவரோ. என்னாண்ட ஏன் காட்டுற?" குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

ஜான்சன் அண்ணன் எட்டிப் பார்த்தான். "இன்னா கண்றாவி டிரெஸ்ஸு இது? டெலீட் பண்ணு." யாரென்று அவனுக்குத் தெரியவில்லையா, தெரிந்துதான் சொன்னானா?

அப்பா மட்டும் போனைக் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பூனை படம் என்றாலும் பிடுங்கிப் பார்க்கிறவர்.

9 பிப்ரவரி

அம்மா ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சாம்பாரில் உப்பும் இல்லை.

15 பிப்ரவரி

தனியாக அந்தக் கஃபேக்குப் போனேன். நடத்துகிறவர் ஆதித்யா, முப்பது வயதிருக்கும். அப்பா அணு ஆராய்ச்சி மையத்தில் இருந்தவராம், இவர் வளர்ந்தது கல்பாக்கம் குடியிருப்பில். அந்த ஹோனலூலூ ஹட்டின் மேல் அவருக்கு ஒரு பைத்தியம். இவர் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்களாம். ஆனால் பெற்றோர் கல்யாணமான புதிதில் அங்கே சாப்பிட்டதைப் பேசக் கேட்டுக் கேட்டே அது இவரைப் பிடித்துக்கொண்டதாம். கண்ணாடி அலமாரியைத் திறந்து காட்டினார். முறைத்துப் பார்க்கும் முகம் வைத்த பீங்கான் குவளை, மூங்கில் படம் போட்ட மெனு அட்டை. 'எரிமலை வஞ்சிரம்' என்று ஒன்று இருக்கிறது! படத்தைச் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினாராம்.

"நடுவுல இருக்கறது எங்கம்மா" என்றேன்.

"மேடம், அவங்க எல்லாம் ஹவாய்லேர்ந்து வந்தவங்க. பேப்பர் விளம்பரத்துலயே போட்டிருக்காங்க, பாருங்க."

காட்டினார். போட்டுத்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். சின்னப் பிள்ளை ஏதோ உளறினால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். என் கண்ணு முன்னாடியே எங்கம்மாவ வேற தேசத்துக்காரி ஆக்கிட்டாங்க. இவரு எங்கம்மாகிட்ட பாஸ்போர்ட்டு கேப்பாரு போல!

விட மாட்டேன்.

22 பிப்ரவரி

ஓட்டல் திருவிடந்தைப் பக்கம் இருந்தது என்று ஆதித்யா சொல்லியிருந்தார். இடத்தைத் தேட வேண்டும், வண்டியில் கூட்டிப் போங்கள் என்று அப்பாவைக் கேட்டேன். அப்பா யாரிடமும் வழி கேட்கவில்லை. ஈசிஆரில் நேராகப் போய், மணல் பாதையில் திரும்பி, ஒரு நீளமான காம்பவுண்டு சுவரின் முன்னால் வண்டியை நிறுத்தினார். உள்ளே மனைக்கல் நட்ட காலி நிலம்.

"இங்கதான்."

"உங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"நான் அப்போ எளநி வண்டில லோடுமேனு. எறக்கிட்டு வூட்டுக்குப் போவாம வேலிக்கு வெளிய நின்னுகினு பாப்பேன். உங்கம்மா ஆடுனா கடலே சும்மா கெடக்கும்."

"ஏன்பா இத்தினி வருஷமா சொல்லல?"

"அவ சொல்லாதன்னா. அவ கதைய நான் எப்பிடி சொல்றது?"

ஏசுபாதம் என்கிற இந்த மனிதர் என் அப்பா. முப்பத்தி நாலு வருடமாக இவரைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது கட்டி முடிக்காத ஒரு வீட்டு மாடியிலிருந்து திருஷ்டி பொம்மை ஒன்று எங்களை முறைத்தது. ஆள் உயர மரத்தலை, தொங்கும் நாக்கு. ஆதித்யாவின் குவளையில் இருந்த அதே முகம்! "நிறுத்துங்கப்பா" என்று கத்திவிட்டேன்.

வீட்டுக்காரர் பக்தவத்சலம். ஹோனலூலூ ஹட்டில் வாட்ச்மேனாக இருந்தவர். ஊரில் அதற்கு லூலூ ஓட்டல் என்றுதான் பேராம். மூடியபோது வாசலில் நின்ற தலையை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "பூசணிக்கா கட்டுனா அழுவிப் பூடுது. இது இன்னிக்கி வரைக்கும் அழுவல" என்றார். ஆடிய பெண்களைப் பற்றிக் கேட்டேன். "மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டாண்ட மீன் வறுத்து விக்குதே கன்னியம்மா, அதக் கேளு. அதுவும் அங்க ஆடுனதுதான்."

1 மார்ச்

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கன்னியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பொன்னி பொண்ணா நீ?"

கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனார். பெட்டியின் அடியிலிருந்து ஒரு படம் எடுத்தார். அதே ஐந்து பேர், அதே ஓலைப் பாவாடை. ஆனால் மேடையில் இல்லை. கவிழ்த்துப் போட்ட படகின் மேல் வரிசையாக உட்கார்ந்து தூக்குச்சட்டியில் தயிர்சோறு சாப்பிடுகிறார்கள். அம்மாவின் வாய் நிறையச் சோறு, கையில் மாங்காய்த் துண்டு.

இதைவிட வேறென்ன வேண்டும்!

"அஞ்சு பேரும் ஒரே காலனிம்மா. டான்ஸ் மாஸ்டருன்னு ஒருத்தன் வந்தான். பொஸ்தகத்துல படத்தக் காட்டி, இப்பிடி ஆடுங்கன்னுட்டு பூட்டான். படத்தப் பாத்து எப்பிடி ஆடுறது? உங்கம்மாதான் சொன்னா, நாத்து நடுற கைதான்டி இது, கொஞ்சம் மெதுவா ஆட்டுனா ஹவாய். நாங்க அவ பின்னாடி ஆடுனோம், அவ்ளோதான்."

ஒரே ஒரு கட்டளை: விருந்தாளிகள் முன்னால் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் தமிழ் வந்துவிடும். ஒருநாள் சாப்பிட வந்த ஒரு அம்மாள் மேடையோரம் ஏறி வர, படி ஈரமாக இருக்க, எங்கம்மா "பாத்துக்கா, வழுக்கும்" என்று சொல்லிவிட்டாள். எல்லா மேஜையிலும் சிரிப்பு. மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

வழுக்கி விழாமல் காப்பாற்றினதுக்கு.

படத்தைக் கொடுத்துவிட்டார். "போய்க் காட்டு. என்னிய வந்து பாக்கச் சொல்லு. தடிச்சி."

2 மார்ச்

படத்தை அம்மாவின் மடியில் வைத்தேன். கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து முதலில் வந்தது: "மாங்கா எஸ்தரோடது. புடுங்கித் தின்னேன்."

"வெக்கமா இருந்துச்சாம்மா? அதான் சொல்லலியா?"

நிமிர்ந்தாள். கோபம். "வெக்கமா? எனக்கு இன்னாத்துக்கு வெக்கம்? நல்லா ஆடுனேன். கையத் தட்டுனாங்க பாரு, அது பொன்னிக்கு இல்லடி. மேடையில அவங்க கூப்புட்ட லேலானின்னு எவளோ ஒருத்திக்கு. நான் யாருன்னு தெரிஞ்ச அன்னிக்கு வெளிய போன்னுட்டாங்க. அத எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது?"

ஒரு மாதமாக நான் எதை எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

8 மார்ச்

அம்மா தானாகவே கிளம்பினாள். கஞ்சி போட்ட புடவை. கஃபேயில் தன் படத்தின் முன்னால் போய் நின்று, ஒவ்வொரு முகமாக விரலை வைத்தாள். "கன்னியம்மா. எஸ்தரு. நடுவுல நான். இவ தேவகி, செத்துட்டா. இது ராணி, கல்யாணமாயி எங்க போனான்னு தெரியல."

நான் தயிர்சோறு படத்தை நீட்டினேன். ஆதித்யா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த ஆங்கிலச் சீட்டை நகத்தால் கிழித்து எடுத்தார். காது சிவந்திருந்தது.

"ஸாரி மேடம். ஸாரி ஆன்ட்டி. உக்காருங்க ப்ளீஸ்."

குவளையைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார். "இதுலதான் அன்னாசி ஜூஸ் குடுப்பாங்க. எங்களுக்குக் கண்ணுல காட்ட மாட்டாங்க" என்றாள் அம்மா. அடுத்த நிமிடம் அதிலேயே அன்னாசி ஜூஸ் வந்தது. ஒரே மூச்சில் குடித்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் வந்து ஆட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். 'ஹவாயன் நைட்' என்று போட்டு...

"ஹவாய்னு போடக் கூடாது தம்பி. அந்த ஊர்க்காரங்க ஆட்டம் வேற, அது நமக்குத் தெரியாது. இது நாங்களே கட்டுன ஆட்டம். எங்க பேரப் போடு. லெந்து நோன்பு முடியட்டும், ஈஸ்டருக்கு அப்பறம் வெச்சிக்கலாம்."

வரமாட்டேன் என்று சொல்வாள் என்றல்லவா நினைத்தேன்!

23 மார்ச்

அண்ணன் வந்து குதித்தான். மாமனார் வீட்டில் முகம் காட்ட முடியாதாம். "இந்த வயசுல ஆட்டமா? ஊரு இன்னா பேசும்?"

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "பேசட்டும்டா. நான் பேசாம இருந்ததே போதும்."

சாப்பிடாமல் போய்விட்டான்.

13 ஏப்ரல்

எஸ்தர் அத்தை கிடைத்துவிட்டார்! மதுராந்தகத்தில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் மொட்டை மாடியில் மூன்று பேரும் ஒத்திகை. கால்வாசி ஆட்டம், முக்கால்வாசி சண்டை. மாங்காய்ச் சண்டை இன்னும் தீரவில்லை.

26 ஏப்ரல், சனி

இப்போதே எழுதிவிட வேண்டும்.

கஃபேயில் நாற்காலி போதவில்லை. பக்தவத்சலம் அந்தப் பேய்த்தலையை ஒரு நாள் இரவல் கொடுத்து, கூடவே தானும் வந்து காவலுக்கு நின்றார். கல்பாக்கத்திலிருந்து ஆதித்யாவின் அப்பா பன்னீர்செல்வம், அம்மா ராஜம். மறைமலைநகரிலிருந்து எங்கள் செக்‌ஷன் முழுசும். காலனி ஜனம் ஒரு வேன் நிறைய.

ஓலைப் பாவாடை வேண்டாம் என்று மூவரும் முடிவு செய்திருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே நீலப் புடவை. தலையில் மட்டும் பூவளையம்.

பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் அம்மா மைக்கைக் கேட்டு வாங்கினாள். நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

"எம் பேரு பொன்னி. இது கன்னியம்மா. அது எஸ்தரு. தேவகி இல்ல, ராணி எங்கியோ கீறா. நாங்க செங்கல்பட்டு ஜில்லா. அப்போ எங்கள பேசக் கூடாதுன்னாங்க. இன்னிக்கி நான் பேசிகினேதான் ஆடுவேன். புடிக்காதவங்க எழுந்து போலாம்."

யாரும் போகவில்லை. விசில் பறந்தது.

ஆடினாள். ஐயோ, என்ன சொல்வது. இடுப்பு அவ்வளவாக வளையவில்லை, முட்டி வலி. ஆனால் அந்தக் கை! நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றி நிமிரும் கை, அப்படியே அலையாகப் புரண்டு போனது. நடு நடுவே பேச்சு வேறு. "கன்னி, ரைட்டுல வாடி... எஸ்தரு, மெதுவா... பாருங்க, இந்த ஸ்டெப்பு என்னுது." கூட்டம் சிரிக்கச் சிரிக்க அவளுக்கு ஏறிக்கொண்டே போனது. அப்பா முதல் வரிசை நாற்காலியில் உட்காராமல் கடைசியில் போய் நின்றுகொண்டார். பழக்கம்.

முடிந்ததும் ராஜம் அம்மாள் எழுந்து வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எண்பத்தாறுல நாங்க உங்களப் பாத்திருக்கோம், பொன்னி. பேரு தெரியாமப் போச்சு."

"பொன்னி! பொன்னி!" என்று கத்திக் கைதட்டினார்கள். நானும் கத்தினேன்.

வாசலில் அண்ணன். எப்போது வந்தான்? போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். "தள்ளி நில்லு ஜெனி, மறைக்கிற" என்றான். கண் ஈரம். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

4 மே

அண்ணனின் வீடியோ எங்கெங்கோ சுற்றி அரக்கோணத்துக்குப் போயிருக்கிறது. இன்று காலை ஒரு போன். எடுத்ததும், "அந்த மாங்காத் திருடி கீறாளா?" ராணி!

12 ஜூலை, சனி

அம்மாவைச் செங்கல்பட்டில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பதிவு செய்கிற பெண் பேர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, "என்ன வேலை பாத்தீங்க?" என்றாள். சத்துணவில் சமையல் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"டான்சர்" என்றாள் அம்மா.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். தட்டச்சு செய்தாள்.

புரை இல்லை, கண்ணாடி போட்டால் போதும் என்றார் டாக்டர். கண்ணாடியோடு ஆடினால் நன்றாக இருக்குமா, சட்டம் கறுப்பில் எடுப்பதா பிரவுனில் எடுப்பதா என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.