முழங்கால் உயரக் கன்று

நேற்று மழைக்கோட்டைத் தேடிப் பழைய பையைக் கவிழ்த்தபோது உன் அளவு நாடா வந்து விழுந்தது. மரங்களுக்கு எண் போட்ட மஞ்சள் பெயின்ட் அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது. நான் கண்கலங்கினேன் என்று நினைத்துவிடாதே. எரிச்சல்தான் வந்தது. செத்துப்போனவனோடு சண்டை போட முடியாதே என்று இன்னும் எரிச்சல்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஈஜிபுரா ஆபீஸிலிருந்து நாம் இருவரும் அந்த மலைக்குப் போனோம். காட்டுக்குப் பத்து வருடத் திட்டம் எழுதவேண்டும். அங்குள்ளவர்கள் நெல்லிக்காய் எவ்வளவு பறிக்கலாம், எவ்வளவை விதைக்காக மரத்திலேயே விடவேண்டும் என்பதை அந்தத் திட்டம்தான் சொல்லும். கிழமரம் சாய்ந்தால் அந்த இடத்துக்கு வர இளசு இருக்கிறதா என்று பார்த்துத்தான் அதை முடிவு செய்யவேண்டும். நாடாவின் ஒரு முனையை நீ பிடிப்பாய், மறுமுனையை நான். சதுரம் அளந்து உள்ளே இருக்கும் கன்றுகளை எண்ணுவோம். மழைக்கு முளைத்ததெல்லாம் கன்றில்லை. ஒரு கோடையைத் தாண்டி முழங்கால் உயரம் வந்ததுதான் கன்று. இது உனக்குத் தெரியாததா?

காட்டின் ஏழாம் பகுதிக்கு நாம் போனது நல்ல மழைக்காலத்தில். தரையெங்கும் விரல் நீள முளைகள். "கோடை கழிச்சு ஒருவாட்டி வந்து எண்ணணும்டா" என்றேன். அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே சொன்னாய்: "இந்த மேட்ட இன்னொருவாட்டி எவன் ஏறுவான்? பேஜாரு பண்ணாதடா. எல்லாத்தையும் கன்னுன்னே எழுது." நான் எழுதினேன். படிவத்தில் இருப்பது என் கையெழுத்து.

ஸ்ரீராம்புரத்தில் உனக்கு நடந்த அஞ்சலிக் கூட்டத்தில், காட்டை உயிராக நினைத்தவர் என்று உன்னைப் பற்றிப் பேசினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷம் புதுத் திட்டத்துக்காக மறுபடி அதே ஏழாம் பகுதி. நெல்லி பறிக்கும் ஒரு பெண் வழிகாட்ட வந்தாள். நின்றதெல்லாம் கிழமரங்கள். ஒரு கன்றுகூட இல்லை. "நெறைய கன்னு இருக்குதுன்னு நீங்க எழுதுனதாலதான் நெறையப் பறிக்கலாம்னு சொன்னாங்க. எங்க சார் அந்தக் கன்னு?" என்று கேட்டாள். நீயல்லவா பதில் சொல்லியிருக்கவேண்டும்?

இனி ஐந்து வருஷம் அங்கே பறிக்கக்கூடாது என்று எழுதவேண்டியதாயிற்று. ஆபீஸ் மேனேஜர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காரணம்னு இருக்கற எடத்துல, ஜனங்க அளவுக்கு மீறிப் பறிச்சாங்கன்னு போட்டுருங்க. எறந்தவர் பேரு எதுக்கு?" என்றார். நெல்லி பறிக்கும் அந்தப் பெண்ணின் கூடையும் காலி, பழியும் அவளுக்கே. முளையைக் கன்றென்று எழுதிய எங்கள் தவறு என்று போட்டேன். உன் பெயரை முதலில் எழுதினேன், ஆத்திரம் தீரட்டுமென்று. தீரவில்லை. கீழே என் பெயரையும் எழுதினேன்.

நாடாவைத் தூக்கி எறியவில்லை. அடுத்த கோடை முடிந்ததும் கன்று எண்ண ஏழாம் பகுதிக்கு எடுத்துப் போகிறேன். "இந்தவாட்டி எண்ணும்போது நானும் இருப்பேன்" என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நீ பிடித்த முனையை அவள் பிடிப்பாள்.