கலர் லெட்டர்

செப்டம்பர் 2007, செவ்வாய் இரவு

நர்சரியில் செடி வாங்குகிறவர்களுக்கு மாதம் ஒரு ஈமெயில் அனுப்பலாம் என்று சொன்னது என் கொழுந்தன் மோகன்தான். கடையின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவன் பொறுப்பு. இன்று காலை சேலையூர் கடைக்கு இரண்டு மாதிரிகள் கொண்டுவந்தான். ஒன்று, நானே எழுதியதுபோல நாலு வரிக் கடிதம். மல்லிகைக் கன்று வந்திருக்கிறது, வெயிலில் வையுங்கள் என்று. இன்னொன்று முழுக்கப் படம், கலர், பெரிய எழுத்து.

"கலர்தான் அண்ணி எடுபடும். இதையே ஃபிக்ஸ் பண்ணிடலாம்."

அடியில் பார்த்தேன். பதில் போட வேண்டிய முகவரி கடையுடையது இல்லை, அவனுடையது.

"இது ஏன் உன் ஐடி?"

"உங்களுக்கு மெயில் பாக்க நேரம் ஏது? நான் பாத்துக்கறேன்."

கடிதமே போதும், கடை முகவரியைப் போடு என்றேன். உடனே சரி என்றுவிட்டான். எதையும் லேசில் விட்டுக்கொடுக்காதவன். அதுதான் உறுத்தியது. அவன் போனபிறகு நானே உட்கார்ந்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

மாலையில் ஒரு டீச்சரம்மாவிடமிருந்து பதில் வந்தது. "போன வாரம் வந்த கலர் லெட்டரும் நல்லா இருந்துச்சு மேடம். உங்க ஊரப்பாக்கம் கடை எப்போ திறக்கறீங்க?"

போன வாரம் நான் எதுவும் அனுப்பவில்லை. ஊரப்பாக்கத்தில் எங்களுக்குக் கடையும் இல்லை. மோகன் வீடுதான் இருக்கிறது.

சாப்பிடும்போது இவரிடம், "இன்னைக்கு ஒரு மெயில் வந்துச்சுங்க" என்று ஆரம்பித்தேன்.

"தம்பியைப் பத்தி இப்ப எதுவும் பேசாத" என்றார், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

நான் மோகன் பெயரையே எடுத்திருக்கவில்லை.